மாவாக வந்த அரிசி

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அரிசியைத் தொட்டாலே எனக்கு மடத்துச் சாமி ஞாபகம்தான்.

அன்றைக்கும் இதே மடம். இதே சமையல்கட்டு.

"சாமி, கரண்டியை எடுத்தது யாருன்னு தெரியணும்" என்று வந்து நின்றார் வைத்திலிங்கம். சாமியின் மூத்த சீடர். பூஜையில் தீர்த்தம் கொடுக்கிற வெள்ளிக் கரண்டியைக் காணோம்.

"தெரிஞ்சு?"

"வெளியே அனுப்பணும். எங்க ஊர்ல ஒரு வழி இருக்கு. எல்லாரும் பச்சரிசியை மென்னு துப்பணும். திருடின வாய்ல எச்சில் ஊறாது."



வேலை செய்கிற எல்லாரும் மென்றோம். மற்றவர்கள் துப்பியது கூழ். நான் துப்பியது மாவு. இலையில் விழுந்து பறந்தது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இடுப்பில் பாப்பா. வெளியே போ என்றால், போக எனக்கு வாசல் இல்லை.

"பாத்தீங்களா சாமி?"

சாமி என் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார்.

"தெய்வானை, வாய் எப்போலேர்ந்து இப்படிக் காயுது?"

குடித்த பிறகுதான் நாக்கு அசைந்தது.

"பாப்பாவோட அப்பா எங்களை விட்டுட்டுப் போனதிலேர்ந்து, சாமி. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேனாம். ஈறெல்லாம் எரியுது."

"நல்லா சாக்கு சொல்றா" என்றார் வைத்திலிங்கம்.

சாமி அரிசியை அள்ளி அவரிடம் நீட்டினார்.

"நீ மெல்லலையே."

"நானா சாமி?" சிரித்துக்கொண்டே வாங்கினார்.

"மெல்லு. காய்ஞ்சு வந்தா இப்பவே மூட்டையைக் கட்டு. எடுத்தியா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. சாமி விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை. வைத்திலிங்கம் விவரம் தெரியாத வயதில் மடத்துக்கு வந்தவர். அவருக்கும் வேறு வாசல் இல்லை.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

துப்பினார். மாவு பறந்தது.

"கரண்டி எங்கப்பா?" என்றார் சாமி.

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

நான் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கரண்டி மறுநாள் எருக்குழியில் கிடைத்தது. பூஜையில் சாத்தின பழைய பூவை அள்ளிக் கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். கொட்டினது வைத்திலிங்கம் அண்ணன்தான். இந்தத் தடவை யாரும் அவரை அரிசி மெல்லச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் சமையல்கட்டு மாடத்தில் எனக்கு வாய் ஊற ஒரு நெல்லிக்காய் இருக்கும். யார் வைக்கிறார் என்று நானும் கேட்டதில்லை, வைத்திலிங்கம் அண்ணனும் சொன்னதில்லை.

இப்போது பொறுக்கின அரிசியில் ரெண்டு மணியை வாயில் போட்டேன். பாலாக ஊறுகிறது. சாமி வந்ததும் முதல் வேலையாக அவர் காலில் விழுந்து, இதைச் சொல்ல...

வெளியே வைத்திலிங்கம் அண்ணன் குரல்.

"தெய்வானைம்மா! ஓடி வா, உன் மக என் துண்டெல்லாம் எச்சிலாக்கிட்டா!"