முள்ளம்பன்றி எழுதிய சுயசரிதை

தேக்கங்காட்டில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். அவன் ஒரு கிழங்கு நிதி நடத்தினான்.

"கார்த்திகையில் ஒரு வள்ளிக்கிழங்கு கொடுங்கள்! தை பிறந்ததும் இரண்டாகத் தருகிறேன்!" என்று மரத்துக்கு மரம் போய்ச் சொன்னான்.

காடே அள்ளிக் கொடுத்தது. பஞ்சு என்ற முயல், தன் ஆறு குட்டிகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த கிழங்கு மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டினாள்.

தை பிறந்தது. கிழங்கு வரவில்லை.

"எங்கே அண்ணே எங்கள் கிழங்கு?" என்று கேட்டாள் பஞ்சு.

"வளர்ந்துகொண்டிருக்கிறது! அவசரப்பட்டால் குட்டி போடாது!" என்றான் சிலுப்பன்.

கிழங்கு எப்போது குட்டி போட்டது? காவல் பார்க்கும் செந்நாய்கள் வந்து அவனைப் பிடித்தன. அவன் வளை இருந்த நாவல் மரத்தடியை நான்கு நாள் தோண்டின. ஒரு கிழங்குகூடக் கிடைக்கவில்லை. "எல்லாம் அழுகிவிட்டது" என்று சாதித்தான் சிலுப்பன். நீதிபதி நெடுங்கொம்பர் ஒரு காட்டெருமை. நிதானமானவர், ரொம்பவே நிதானமானவர். முப்பது நாள் விசாரித்து, மூன்று பௌர்ணமி சிறை என்று தீர்ப்புச் சொன்னார்.

சிறை என்பது ஒரு பாறைப் பொந்து. அங்கே தொந்தி என்ற கிழட்டுப் பெருச்சாளி ஏற்கெனவே படுத்திருந்தார்.

"நீங்கள் எதற்கு உள்ளே வந்தீர்கள்?" என்று கேட்டான் சிலுப்பன்.

"பசித்தது. ஒரு மாங்காயை எடுத்துத் தின்றேன். மூன்று பௌர்ணமி!"

"மாங்காய்க்கும் மூன்று, எனக்கும் மூன்றா? என்ன அநியாயம்!"

"அநியாயம் உனக்கா, எனக்கா?"

"நமக்கு!" என்றான் சிலுப்பன்.

அன்றே அவனுக்கு உள்ளம் கொதித்தது. இந்த உலகத்துக்கு உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும்! முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினான். "ஆ!" என்று கத்தினான். நாவல் பழச் சாற்றில் முள்ளைத் தோய்த்துத் தேக்கிலையில் எழுதத் தொடங்கினான். முனை மழுங்கியது. இன்னொரு முள். இன்னொரு "ஆ!" இப்படியே இருநூற்றுப் பன்னிரண்டு இலைகள் எழுதினான். தொந்திக்குத்தான் பாவம், பகலில் தூக்கமே இல்லை.

சித்திரையில் சிலுப்பன் விடுதலையானான். மாங்காய்க்குச் சொன்ன மூன்று பௌர்ணமி முடிந்தும் தொந்தியை யாரும் வெளியே விடவில்லை. அவரை அங்கே வைத்ததையே மறந்துவிட்டார்கள்.

வெளியே காடு காய்ந்து கிடந்தது. குளத்தில் சேறுகூட வெடித்துவிட்டது. பஞ்சுவின் குட்டிகள் காய்ந்த சருகை மென்றுகொண்டிருந்தன. சிலுப்பன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வற்றிய குளத்தின் கரையில் ஒரு கல்மேல் ஏறி நின்றான்.

"வாருங்கள்! 'நிரபராதியின் நெஞ்சம்'! என் சுயசரிதை! நானே வாசிக்கிறேன்!"

தின்ன ஒன்றும் இல்லாத காலம். காதுக்காவது ஏதாவது கிடைக்கட்டும் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நெடுங்கொம்பரும் வந்தார்.

"முதல் அத்தியாயம், என் பிறப்பு. அம்மாவுக்கு மிகவும் வலித்தது," என்று தொடங்கினான் சிலுப்பன். முட்களைப் பார்த்த எல்லாரும் "ஐயோ!" என்றார்கள்.

"இரண்டாம் அத்தியாயம், என் வழக்கு. முப்பது நாள் இழுத்தார்கள். அதில் பதினெட்டு நாள் நீதிபதி அசை போட்டார்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நெடுங்கொம்பரின் வாய் பாதியில் நின்றது. "உண்மைதான்," என்றார் அவர் மெதுவாக. "இனிமேல் விசாரணைக்கு வரும் நாளில் புல் தின்ன மாட்டேன்."

கைதட்டல்!

"மூன்றாம் அத்தியாயம். ஒரு மாங்காய்க்காக ஒரு கிழவர் இன்னும் பொந்துக்குள் கிடக்கிறார்!"

"இன்னுமா? அடடா, என் தவறு!" என்று எழுந்து நின்றார் நெடுங்கொம்பர். "ஓடிப்போய் அவரை விடுவியுங்கள்!"

இன்னும் பெரிய கைதட்டல்! குரங்குகள் விசிலடித்தன. சிலுப்பனுக்கு முட்களெல்லாம் நிமிர்ந்தன. தலை கிறுகிறுத்தது. இவ்வளவு புகழ் கிழங்கு நிதியில்கூடக் கிடைத்ததில்லை! கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டு, எழுதாததையும் பேச ஆரம்பித்தான்.

"இந்தச் செந்நாய்களின் மூளையைச் சொல்கிறேன், கேளுங்கள்! நாவல் மரத்தடியை நான்கு நாள் தோண்டினார்கள், மடையர்கள்! அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் ஒருத்தனாவது எட்டிப் பார்த்தானா?"

கைதட்டல் வரவில்லை.

பஞ்சுவின் இரண்டு காதுகளும் மெல்ல நிமிர்ந்தன. "எந்தக் குகை, அண்ணே?"

சிலுப்பன் கீழே போட்ட இலையை அவசரமாக எடுத்தான். "அது… அது ஓர் உவமை! இலக்கியத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்!"

அதற்குள் பாதிக் கூட்டம் அருவிப் பக்கம் ஓடிவிட்டது. கோடையில் அருவி வற்றி, குகை வாய் திறந்து கிடந்தது. உள்ளே கூரை முட்ட வள்ளிக்கிழங்கு! ஓரத்தில் சிலுப்பன் தின்று போட்ட தோல் மட்டும் ஒரு குவியல். எல்லாரும் அவரவர் கிழங்கைச் சண்டையில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சுவின் குட்டிகள் ஆறும் வாய் நிறையத் தின்று, அங்கேயே தூங்கிப் போயின.

கிழங்கு கிடைத்த செய்தி குளக்கரைக்கு வந்ததும், சிலுப்பன் பந்துபோல் சுருண்டு உருண்டு ஓடப் பார்த்தான். செந்நாய்கள் சுற்றி நின்றுகொண்டன.

"ஒளித்து வைத்துக்கொண்டு அழுகிவிட்டது என்று பொய் சொன்னாய். ஆறு பௌர்ணமி," என்றார் நெடுங்கொம்பர்.

"இவ்வளவு சீக்கிரமா? யோசிக்கவே இல்லையே! இதையும் எழுதுவேன்!" என்று கத்தினான் சிலுப்பன்.

"தாராளமாக எழுது. நல்ல இலையாகவே பறித்துத் தரச் சொல்கிறேன். நீ எழுதியதால்தான் ஒரு கிழவர் வெளியே வந்தார்."

அப்போது பஞ்சு அருவியிலிருந்து திரும்பி அவன் அருகே வந்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"அண்ணே, உனக்கு நடந்ததையெல்லாம் எழுதியிருக்கிறாய். சரிதான். என் குட்டிகள் பட்டினி கிடந்தது எந்த இலையில் இருக்கிறது?"

சிலுப்பன் இலைகளைப் புரட்டினான். முன்னாலிருந்து புரட்டினான். பின்னாலிருந்தும் புரட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டன.

"இடம் போதவில்லை," என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"ஒரு வரிக்குக்கூடவா?" என்று கேட்டாள் பஞ்சு.



நீதியின் குறையை யார் சொன்னாலும் கேட்டுத் திருத்த வேண்டும். ஆனால் அதைச் சொன்னதால் மட்டும் சொன்னவனின் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது.