கண்ணாடிக்குக் கீழே ஒரு முகம்

"சிரிச்சுட்டாங்க, மாஸ்டர்."

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றவர் தணிகைநாதன். குடும்பப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கிய இயக்குநர். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பேய்ப் படம் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது சபூராவை. வயதில் அவரைவிட நன்றாகவே சின்னவர். சினிமாவில் வித்தை தெரிந்தவர்களை மாஸ்டர் என்பார்கள், வயதை யாரும் கேட்பதில்லை. வளசரவாக்கத்து மாடி ஒன்றில் சபூரா ரப்பரில் வெட்டுப்பட்ட கையும் செய்வார், கம்ப்யூட்டரில் பேயையும் பறக்கவிடுவார்.

"எதுக்குச் சிரிச்சாங்க?"

தணிகைநாதன் சொன்னார். செத்துப்போன அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மகன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடிக்குக் கீழே அம்மாவின் முகம் மெல்லத் திரும்பி அவனைப் பார்க்கிறது. படம் முழுக்க இந்த ஒரு பார்வைக்காகத்தான். விநியோகஸ்தர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினால், சரியாக அந்த இடத்தில் சிரித்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் நல்ல மனிதர், வியாபாரம் தெரிந்தவர். இவ்வளவு நன்றாகச் சிரிப்பு வருகிறதே, அதை வீணாக்குவானேன் என்று கேட்டிருக்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காமெடி நடிகரை உட்காரவைத்து நாலு வசனம் சேர்த்தால் பேய்க் காமெடி என்று விற்றுவிடலாமாம்.

"அது எங்கம்மா, மாஸ்டர்," என்றார் தணிகைநாதன்.

திருத்தணி வீட்டில் அவருடைய அம்மாவை அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள். பட்டப்பகல். எல்லாரும் ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருந்தார்கள். பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு, இப்போது அம்மா திரும்பித் தன்னைப் பார்க்கப் போகிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான் இந்தப் படம்.

"அங்க போய் ஒருத்தன் உக்காந்து காமெடி பண்ணுவானா?"

சபூரா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எல்லாம் இந்த கிராஃபிக்ஸால வந்த வினை, மாஸ்டர். நீங்க கையால செஞ்சு குடுங்க."

காட்சியைக் காட்டச் சொன்னார் சபூரா. லேப்டாப்பில் பார்த்தார். திரும்ப ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"வேலை நல்லா இருக்கு, சார். பண்ணவங்க கண் முழிச்சுப் பண்ணியிருக்காங்க."

தணிகைநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கிராஃபிக்ஸைத் திட்டுவதற்கு ஒரு துணை தேடித்தான் அவர் மாடி ஏறி வந்திருந்தார்.

"கிராஃபிக்ஸ் பயமுறுத்தாது, மாஸ்டர். அதுல உசுரு இல்ல."

"ரப்பர்ல இருக்கா, சார்?"

தொட்டுப் பார்க்கலாமே என்றார் அவர். கையால் செய்த பொருள் எதிரே கிடக்கும், நடிகன் அதைப் பார்த்து நடிப்பான், வெளிச்சம் அதன் மேல் நிஜமாக விழும் என்றெல்லாம் விளக்கினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சபூரா மறுத்துப் பேசாமல், செய்து தருகிறேன் என்றார்.

செய்தும் கொடுத்தார்.

அம்மாவாக நடித்த கோமளாம்மாளின் முகத்தில் அச்சு எடுத்து, தலைமுடியை ஒவ்வொன்றாகக் குத்தி நட்டு, வாய்க்கட்டு கட்டி, நெற்றியில் காசு ஒட்டிப் பெட்டிக்குள் கிடத்தியபோது யூனிட்டே கூடி நின்று வாயைப் பிளந்தது. கோமளாம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிலை போட வேண்டும் என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

கழுத்துக்குள் ஒரு ஒயர். பின்னால் உட்கார்ந்து அதை இழுத்தால் முகம் திரும்பும். இழுப்பவர் பெயர் ஏகாம்பரம். பதமாக இழுப்பார்.

தணிகைநாதன் எடுத்தார். எடுத்ததைப் போட்டுக் காட்டினார்கள்.

திரும்பவும் சிரித்தார்கள். போன தடவை சிரிக்காத ஒருவர் இந்தத் தடவை விசிலும் அடித்தார்.

தணிகைநாதன் மறுபடி மாடி ஏறினார்.

இந்தமுறை அவருக்குக் கோபம் ஜனங்கள் மேல். ஃபோனிலேயே எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போய்விட்டார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ரப்பர் முகத்தின் மேல் கண்ணுக்கு மட்டும் கிராஃபிக்ஸ் போட்டால் எப்படி என்று கேட்டார். அதற்கும் பிறகு, உடம்பு கிராஃபிக்ஸ், முகம் ரப்பர் என்றார். ஓட்டலில் பாதி சாம்பார் பாதி சட்னி ஊற்றச் சொல்வது போலிருந்தது அவர் பேச்சு.

"இன்னும் ஷூட்டிங் இருக்கா, சார்?"

"நாளைக்கு ஒரு நாள் புரொடியூசர் குடுத்திருக்காரு. அதுவும் சரியா வரலைன்னா சாயந்திரமே காமெடியன்கிட்ட பேசிடுவாராம்."

"நான் வர்றேன்."

மறுநாள் சபூரா வந்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காலை முழுக்க எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகைநாதன் அடிக்கடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார்.

மதியம் எல்லாரும் பின்பக்கப் பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். இயக்குநருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பெட்டியருகிலேயே நின்றிருந்தார்.

சபூரா எழுந்து வந்தார். ஒயரைக் கழற்றினார். ரப்பர் உடம்பைத் தூக்க ஒரு கை பிடிக்கச் சொல்லி, பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்.

"நீங்க உள்ள படுங்க, சார்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே படுத்தார். கேட்டு மட்டும் என்ன கண்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

சபூரா அவருக்கு வாய்க்கட்டு கட்டினார். நெற்றியில் காசு ஒட்டினார். வெள்ளைத் துணியைப் போர்த்தி, மாலையை மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டார். மூச்சு விட வேண்டும் என்பதால் மூக்கில் பஞ்சு வைக்கவில்லை. ஒரு துண்டை மடித்து ஓரத்தில் இடுக்கி, முழுதும் மூடாமல் கண்ணாடி மூடியைச் சாத்தினார்.

"நான் திறக்கிற வரைக்கும் அசையாதீங்க."

யூனிட் திரும்பி வந்தது.

முதலில் ஒரு முழங்கை வந்து கண்ணாடியில் ஊன்றிக்கொண்டது. பிரியாணியில் பீஸ் குறைவு என்று ஒரு குரல் சொன்னது. இன்னொரு குரல், தனக்கு மட்டும் கிடைத்தது என்றது. தணிகைநாதனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

பிறகு மகனாக நடிப்பவர் வந்தார். குனிந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார். சரி, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் தணிகைநாதன். குனிந்தவர் தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டு நகர்ந்தார்.

காலையில் பெண்பிள்ளையாக இருந்த பிணத்துக்கு மதியம் மீசை முளைத்திருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை.

உதவி இயக்குநர் கையில் டீயோடு வந்தார். சீன் பேப்பரைப் புரட்டுவதற்காக டீ தம்ளரைக் கண்ணாடி மேல் வைத்தார். சரியாக முகத்துக்கு மேலே.

"டைரக்டர் எங்கப்பா?" என்று கேட்டார், பெட்டியில் சாய்ந்தபடியே.

இங்கேதான் எங்கேயோ இருந்தார் என்றார்கள்.

தணிகைநாதனுக்குச் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. கோபம் வந்து, அதுவும் போய்விட்டது. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னாலும் கேட்காது என்று ஏனோ தோன்றியது. அவருக்குப் பயம் வந்தது. திருத்தணியில் வந்தது போலவே வந்தது.

சபூரா வந்து தம்ளரை எடுத்து உதவி இயக்குநர் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்தார். பிணம் எழுந்து உட்கார்ந்தது. உதவி இயக்குநர் டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார்.

தணிகைநாதன் யாரையும் திட்டவில்லை. வாய்க்கட்டை மெதுவாக அவிழ்த்தார்.

"என்ன தெரிஞ்சுது, சார்?"

"தம்ளரோட அடிப்பக்கம்."

கையிலிருந்த துணியை நாலாக மடித்தார்.

"எங்கம்மா பெட்டி மேலயும் இருந்துச்சு, மாஸ்டர். டீ இல்ல. ஃபோனு. பெட்டிக்கு இழுத்த கரண்ட் ஒயர்லயே சார்ஜ் போட்டு மேல வச்சிருந்தேன். வர்றவங்க கூப்பிட்டுட்டே இருந்தாங்க. குனிஞ்சு குனிஞ்சு அதைத்தான் பாத்தேன், அம்மா முகத்தைப் பாக்கல."

இருவரும் போய் ரப்பர் உடம்பைத் தூக்கி வந்து பெட்டிக்குள் கிடத்தினார்கள். மாலையைச் சரிசெய்தார்கள். மூடியைச் சாத்தினார்கள். தம்ளர் வைத்த இடத்தில் வட்டமாக ஈரம் இருந்தது. தணிகைநாதன் தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

மகனாக நடிப்பவர் தன் இடத்தில் உட்காரப் போனார். தணிகைநாதன் அவரைக் கையமர்த்திவிட்டுத் தானே அங்கே உட்கார்ந்தார். எப்படி நடிப்பது என்று காட்டப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார்.

நெற்றியைப் பார்த்தார். கம்மல் இழுத்து நீண்டுபோன காதுத் துளையைப் பார்த்தார். வாய்க்கட்டு அழுந்தின கன்னத்தைப் பார்த்தார்.

"கோமளாம்மாவுக்குப் புருவத்து மேல அம்மைத் தழும்பு இருக்கா, மாஸ்டர்?"

"இருக்கு."

"கிராஃபிக்ஸ்ல அது இருந்துச்சா?"

"இருந்துச்சு, சார்."

தணிகைநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து தள்ளி நின்றார். பிரியாணிப் பேச்சு நின்றது. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார், அவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஃபோனில் பேசிக்கொண்டிருந்த தயாரிப்பாளரின் ஆள், அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

தணிகைநாதன் சட்டென்று பின்னால் சாய்ந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஏணிக்குக் கீழே நின்ற லைட்மேனும் அதே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்.

"ஏகாம்பரம்," என்றார் தணிகைநாதன். "நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் இழுத்தே?"

பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி ஏகாம்பரம் உள்ளே வந்தார்.

"இப்பதான் சார் சாப்பிட்டு வர்றேன். ஒயரை இன்னும் மாட்டவே இல்லையே."