தோல் காசு செல்லுமா?

முன்னே ஒரு காலத்தில் மருதங்குடிச் சீமையை அதிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். வெள்ளி ஊஞ்சலில் ஆடவேண்டும் என்று அவனுக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. கஜானாவில் இருந்த காசையெல்லாம் உருக்கி ஊஞ்சல் செய்துகொண்டான். மாசம் பிறந்ததும் சேவகருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை.

பொக்கிஷக்காரர் சாத்தப்பர்தான் வழி சொன்னார். ஆட்டுத்தோலை வட்டமாக வெட்டி, ராஜா முகத்தைச் சூடு போட்டுப் பதித்து, இனி இதுதான் காசு என்று தண்டோரா போட்டார்கள். வாங்க மறுத்தால் ஐந்து காசு அபராதம். கட்டாவிட்டால் மாடு பறிமுதல்.

சடைச்சி உப்பு விற்கிறவள். படி நெல்லுக்குப் படி உப்பு அளந்தே பழகியவள். அரண்மனைச் சமையல்காரன் தோல் காசை நீட்டியதும் வேண்டாம் என்றுவிட்டாள். உடனே அவள் வண்டி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு, அவளையும் சபைக்கு இழுத்துவந்தார்கள். மாடு போனால் அவள் பிழைப்பே போச்சு.

"என் முகம் உனக்கு அவ்வளவு கசக்குதா?" என்றான் ராஜா.

"முகம் லட்சணமாத்தான் இருக்கு மகாராசா. நாய்தான் மோந்து மோந்து பார்க்குது."

சிரிப்பை அடக்கமுடியாமல் ஒருவர் இருமினார், ராஜா உதடும் லேசாக விரிந்தது. சாத்தப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் இருக்கிற சபையில் இன்னொருத்தர் பேச்சுக்கு ராஜா உதடு விரிந்தால் அவருக்கு ஆகாது. அபராதத்தை இப்போதே கட்டு, இல்லையென்றால் மாடு ஏலத்துக்குப் போகும் என்று அதட்டினார்.

சடைச்சி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, தெரியாமல் செய்துவிட்டேன், அந்தத் தோல் காசுக்கே உப்பு தருகிறேன் என்று பணிந்து சொன்னாள். சாத்தப்பர் ஜெயித்துவிட்ட மாதிரி மீசையை நீவிக்கொண்டார். வாசலில் நின்ற அவள் வண்டியிலிருந்து உப்பு மூட்டை இறங்கியது, ஐந்து தோல் காசு அவள் கைக்கு வந்தது. அதை அப்படியே சாத்தப்பர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சாமி, அபராதம்."

சாத்தப்பர் விரலால்கூடத் தொடவில்லை. "இதை வெச்சு நான் என்ன பண்ண? அரண்மனைக்குக் கட்டுறது வெள்ளியிலதான் கட்டணும்."

"நானும் அதையேதான் சொன்னேன் மகாராசா," என்றாள் சடைச்சி. "எனக்கு மாடு போகுது. ஐயாவுக்கு என்ன போகும்?"

ராஜா முதலில் விழித்தான், அப்புறம் ஊஞ்சல் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தான். தோல் காசை வாங்க மறுத்ததற்காக, சாத்தப்பர் தம் வாயால் சொன்னபடியே வெள்ளியில் அபராதம் கட்டினார். அது முழுக்கச் சடைச்சிக்குப் பரிசு, மாடும் அவளுக்கே. வரி, சுங்கம், அபராதம் எல்லாவற்றுக்கும் இனி தோல் காசை அரண்மனையே வாங்கும், வாங்கவேண்டியவர் சாத்தப்பர் என்று உத்தரவும் ஆனது.

அடுத்த சந்தையில் ஒரு மீன்காரி தோல் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது செல்லுமா அக்கா என்று கேட்டாள்.

"தைரியமா வாங்கு," என்றாள் சடைச்சி. "சாத்தப்பரே கை நீட்டி வாங்குறாரு."