கழுத்துல டேக் போட்டவங்க பந்தி

யப்பா, உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. ஏய் பின்னாடி, நீ பாக்கு மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மென்னு முடி, அப்புறம் ஆரம்பிக்கிறேன். முடிச்சிட்டியா? சரி.

பைபாஸ் ஓரமா ஒரு மடம். தெனம் மத்தியானம் யாரு வந்தாலும் எல போட்டு சோறு. அங்க இருந்தவரு கரண்டிச்சாமி. உபதேசம் கேட்டா கொழம்பு ஊத்துவாரு. அவ்வளவுதான்.

அவருக்கு ரெண்டு சிஷ்யனுங்க. சடையப்பன், பொன்னுக்காளை. சடையப்பன் வாய் மூடாது. பொன்னுக்காளைக்கு வாய் இருக்கான்னே ஊருக்குள்ள சந்தேகம். அந்தக் காளைக்குத்தான் பக்கத்துல புதுசா வந்த பார்சல் குடோன்ல வேல கெடச்சுது. நீலச் சட்ட, ஷூ, கழுத்துல போட்டோ ஒட்டுன டேக்.

அன்னிலேந்து சடையப்பனுக்கு வயித்தெரிச்சல். ரசம் ஊத்தும்போதும் மூக்க வெடச்சுக்கிட்டு ரோட்டையே பாப்பான். இப்பிடி, இந்தா, என்னையப் பாருங்க. இதே மூஞ்சிதான். ரசம் பாதி எலயில, பாதி ஆளு மடியில.

ஒரு நா சாமி முன்னாடி போயி நின்னான்.

"சாமி, என்னைய அனுப்பி விடுங்க."

"எங்க?"

"குடோனுக்கு. வேல இல்லாதவங்க கொறஞ்சுட்டாங்களாம், டீக்கடைல பேப்பர் படிச்சாங்க. ஊரே நல்லாயிருச்சு. நான் மட்டும் அண்டா கழுவுறேன். எனக்கப்புறம் மடத்துக்கு வந்தவன் அந்தக் காளை. அவனுக்கு ஷூ. என் காலப் பாருங்க."

சாமி காலப் பாத்தாரு. "போன வருஷம் எத்தன எல விழும்?"

"நாப்பது. எல்லாம் வேலவெட்டி இல்லாததுங்க."

"சரி. இன்னிக்கி வேல இருக்கறவங்கள கெழக்கால உக்கார வை. இல்லாதவங்கள மேக்கால."

உக்கார வச்சான். மேக்கால மூணே பேரு. கால்ல கட்டுப் போட்ட ஒருத்தரு, கண்ணு தெரியாத பெரியவங்க ரெண்டு பேரு. கெழக்கால கூடம் ரொம்பி, படி ரொம்பி, வேப்பமரத்தடி வரைக்கும் ஆளு. செக்யூரிட்டி, கூட்டிப் பெருக்கற அக்காமாரு, பார்சல் தூக்கறவங்க. நூத்திப்பத்து எல. டேக் கொழம்புல விழக்கூடாதுன்னு முதுகுப் பக்கம் தள்ளி விட்டுக்கிட்டு, குனிஞ்ச தல நிமிராம சாப்புடறாங்க.

சடையப்பன் வாளியோட ஓடியாந்தான். அழுகாத கொற.

"பாத்தீங்களா சாமி? எத்தன பேருக்கு வேல. நான் ஒருத்தந்தான் மிச்சம்."

"பாத்தேன். ரெண்டாவது அடுப்பப் பத்த வை."

அடுப்புப் பக்கம் போவானா? நேரா காளை எல முன்னாடி போயி நின்னான்.

"ஏன்டா தொர, நீ கம்பெனிக்காரன். இங்க என்னடா எங்க சோத்துக்கு வந்து குந்தியிருக்க? எனக்கொரு வேல சொல்லி விட்டா ஒன் கிரீடம் எறங்கிருமா?"

பந்தியே கைய நிறுத்திட்டுப் பாத்துச்சு. சாமி காளை பக்கம் திரும்புனாரு. "சேத்து விடுறியாப்பா?"

பொன்னுக்காளை வாயில இருந்த சோத்த முழுங்குனான். எலய வழிச்சு ஒரு வா போட்டுக்கிட்டான்.

"நாளைக்கே வாண்ணே, ஆள் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. சம்பளம் வாடகைக்கே சரியாப் போயிரும், மத்தியானம் மட்டும் இங்க மொதப் பந்திக்கே ஓடியாந்துரு. ரெண்டாம் பந்திக்கு வெறும் ரசந்தான்."