பொக்கிஷதார் வெட்டிய கிணறு

பனங்குடி நாட்டைச் சித்திரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்த காலம் அது. நல்ல மனசுக்காரர்தான், ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் அவருக்கே நினைவிருக்காது. அவர் சபையில் உலகம்மை என்றொரு அம்மாள் இருந்தாள். ஊர்நலச் சாவடியின் தலைவி. சாக்கடை தேங்காமல் பார்ப்பது, ஈ மொய்த்த பண்டத்தைச் சந்தையிலிருந்து அகற்றுவது, காய்ச்சல் கண்ட வீட்டுக்கு வைத்தியரை அனுப்புவது, எல்லாம் சாவடி வேலை.

பொக்கிஷதார் தாண்டவமூர்த்திக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ராஜா அவளை "அம்மா" என்கிறார், தன்னை மட்டும் "ஓய்" என்கிறார் என்று எரிச்சல்.

அந்த வருஷம் தாண்டவமூர்த்தி தன் மாளிகைச் சுவரை ஒட்டி ஊருக்கென்று ஒரு கிணறு வெட்டினார். படியெல்லாம் பளிங்கு. தெருச்சனம் சந்தோஷமாக மொண்டு குடித்தது. கொஞ்ச நாளில் அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. நெசவாளி வீட்டுக் குழந்தை ஒன்று கண் குழிந்து துவண்டு கிடந்தது. உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். பிள்ளை வாயைத் திறந்து "இன்னும்" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டாள். "எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

படுத்தவர்கள் அத்தனை பேரும் புதுக்கிணற்றைக் கைகாட்டினார்கள். குளக்கரை ஊற்றில் மொண்டவர்களுக்கு ஒன்றுமில்லை.

"இனிமே எல்லாரும் ஊற்றுக்கே போங்க. காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று சபைக்கு நடந்தாள்.

"மகாராஜா, பொக்கிஷதார் வீட்டு மலக்குழி கிணற்றுக்குள் கசிகிறதோ என்று சந்தேகம். அவர் கொல்லைப்புறத்தைப் பார்க்க அனுமதி வேண்டும்."

தாண்டவமூர்த்தி குதித்தார். "என் வீட்டுக் கொல்லைக்குள் சாவடி ஆள் கால் வைப்பதா! தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பிரபு. வெள்ளிக்கிழமை முறைப்படி திறப்பு விழா. முதல் சொம்பைத் தாங்களே பருக வேண்டும். தண்ணீரில் குற்றமில்லை என்றால் இந்தச் சாவடியை மூடிவிடலாம். வெட்டிச் செலவு!"

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் கொள்ளை ஆசை. "அப்படியே ஆகட்டும்! கொல்லைக்குள் யாரும் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்."

உலகம்மை சபையை விட்டு வெளியே வந்தாள். சாவடி போனால் போகட்டும். ராஜா குடித்துக் காட்டினால் ஊரே நம்பிக் குடிக்குமே! யோசித்துக்கொண்டே சாயப்பட்டறைப் பக்கம் வந்தவள் சட்டென்று நின்றாள். நேரே பொக்கிஷதார் மாளிகைக்குத் திரும்பினாள்.

"ஐயா, ராஜாவுக்குச் சிவப்பு என்றால் உயிர். விழாவில் உங்கள் வீட்டார் அத்தனை பேரும் செம்பட்டில் நின்றால் எப்படி இருக்கும்! சாயக்காரர்களை நானே அனுப்பி வைக்கிறேன்."

"உனக்கேன் இந்த அக்கறை?"

"அன்றைக்கு ஊரே உங்களைத்தான் பார்க்கப்போகிறது, ஐயா."

பொக்கிஷதாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே சாயக்காரர்கள் வந்து கொல்லையில் அண்டா அண்டாவாகச் சிவப்புச் சாயம் காய்ச்சிப் பட்டுத்துணியெல்லாம் நனைத்தார்கள்.

"மிச்சச் சாயத்தை எங்கே கொட்டட்டும், ஐயா?"

"தெருவில் கொட்டி அசிங்கம் பண்ணாதே. அதோ, அந்த மலக்குழியில் கொட்டு!"

வெள்ளிக்கிழமை மேளதாளம் அமர்க்களப்பட்டது. தாண்டவமூர்த்தி செம்பட்டில் ஜொலித்தார். வெள்ளிக்குடம் உள்ளே போனது, மேலே வந்தது. தண்ணீர் செக்கச்செவேல்!

மேளம் நின்றுபோனது. தாண்டவமூர்த்தி சமாளித்தார். "பிரபு! தங்கள் வரவறிந்து தண்ணீரே செம்பட்டு உடுத்தி வந்திருக்கிறது!"

ராஜா குடத்துத் தண்ணீரையும் பொக்கிஷதாரின் அங்கவஸ்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஓய், இரண்டும் ஒரே சாயமாக அல்லவா இருக்கிறது! அதிசயத் தண்ணீர்தான். நீரே முதலில் குடியும்."

வாயால் கெட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டே சொம்பைத் தூக்கினார் பொக்கிஷதார். உலகம்மை பாய்ந்து தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க, ஐயா! சாயத்தை மலக்குழியில் கொட்டச் சொன்னது நீங்கள். அந்தச் சாயம் வந்த வழியில் கூடவே என்னவெல்லாம் வந்திருக்கும்?"

கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டது. ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார், கிரீடம் நழுவுகிற அளவுக்கு. பிறகு கேட்டார்: "அம்மா, உன் சாவடியையே மூடப் பார்த்தவர். ஒரு மடக்கு குடிக்க விட்டிருக்கலாமே?"

"அவரும் நம்ம ஊர்க்காரர்தானே, மகாராஜா."

தாண்டவமூர்த்தி தலை குனிந்தார். "தாயே, மன்னித்துவிடு" என்றார், எல்லார் முன்னாலும். அவர் செலவிலேயே மலக்குழியை ஊருக்கு வெளியே மாற்றவும், கிணற்றைத் தூர்க்கவும், குளக்கரை ஊற்றுக்குச் சுவர் கட்டவும் உத்தரவாயிற்று. சாவடி இனி எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று ராஜா பறையறைந்து சொல்ல வைத்தார்.

மறுநாள் காலை முதல் கதவைத் தட்டினாள் உலகம்மை. அது அரண்மனைச் சமையற்கட்டு.

"இங்கேயுமா?" என்றார் ராஜா, கையில் பாதி கடித்த அதிரசத்தோடு.

"இங்கேயும்தான். அதைக் கீழே வையுங்கள், மேலே ஈ உட்கார்ந்திருக்கிறது."

ராஜா உடனே கீழே வைத்தார்.