மூணு மணியில் விராலடிப்பான்

“மூணு மணியில் ஒண்ணு. விராலடிப்பான்.”

வைரவன் இதைச் சொன்னபோது காலை ஆறே முக்கால்.

பறவை பார்ப்பவர்களின் பேச்சில் மணி என்பது நேரம் அல்ல, திசை. நேர் எதிரே பன்னிரண்டு. வலக்கைப் பக்கம் மூன்று. இடக்கைப் பக்கம் ஒன்பது. கையை நீட்டினால் பறவை கலைந்துவிடும் என்பதால் வாயால் காட்டுகிற வழக்கம் இது.

நல்லாங்குளத்தின் கரையில் ஆறு சுற்றுலாப் பயணிகள் நின்றார்கள். நான்கு பேர் வலப்பக்கம் திரும்பினார்கள். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன கருவேல மரத்தில் அந்த மீன்பிடிக் கழுகு உட்கார்ந்திருந்தது. கேமராக்கள் சடசடத்தன.

மீதி இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் காங்கேயத்துக்காரர்கள். காளியப்பன், அவர் மனைவி பாவாத்தாள். எண்ணெய்ச் செக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களை மகள்தான் இந்தப் பயணத்துக்கு அனுப்பிவைத்திருந்தாள். முந்தின மாலை வைரவன் எல்லோரையும் உட்காரவைத்து மணிக்கணக்கை விளக்கியபோது, இவர்கள் ஏறிய பேருந்து திண்டுக்கல்லைக்கூடத் தாண்டவில்லை.

“மூணு மணிக்குங்களா?” என்று காளியப்பன் மெதுவாகக் கேட்டார்.

“ஆமா, மூணு மணி.” வைரவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “லேசுல கிடைக்காத காட்சி. விட்றாதீங்க.”

“விடமாட்டமுங்.”

காளியப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

“அம்மிணி, இன்னும் ஏகப்பட்ட நேரங் கெடக்குது. வா, போயி இட்லி திம்போம்.”

இருவரும் கரையிலிருந்து இறங்கி நடந்தார்கள்.

வைரவனின் முகம் சுருங்கியது.

சற்றுப் பின்னால், மதகின் மேல் உட்கார்ந்து ஜெபக்கனி டீச்சர் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. கிழங்கின் நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடித்தார்.

*

டீச்சருக்கு வயது முப்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவர். அதை விட்டுவிட்டு, குளிர்காலம் தோறும் வெளியூர்க்காரர்களை நல்லாங்குளத்துக்கு அழைத்துவந்து பறவை காட்டுகிறார்.

வைரவனுக்கு ஐம்பத்தெட்டு. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடிக்காரர். பறவை பார்க்க வந்தவர், டீச்சரிடம் தொழில் பழகுகிறேன் என்று தங்கிவிட்டார்.

ஆசிரியர் சீடரை ‘சார்’ என்று கூப்பிடுவார். சீடர் ஆசிரியரை ‘டீச்சர்’ என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய குழு வருவதாக இருந்தது. அதைத் தனியாக நடத்த வேண்டும் என்பது வைரவனின் ஆசை. போன பருவத்திலும் கேட்டுப் பார்த்தார். டீச்சர் பிடி கொடுக்கவில்லை. இந்த முறை மட்டும், “இன்னைக்கு வந்திருக்க ஆறு பேரை நடத்துங்க. பாத்துட்டு சொல்லுதேன்” என்றிருந்தார்.

காரைக்குடியில் வைரவனின் மனைவி வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

“இந்தப் பருவத்துக்குள்ள அந்தம்மா உங்கள நம்பி ஒரு குழுவைக் குடுக்கலேன்னா, பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேருங்க. இங்க மொட்டை மாடியில காக்கா இருக்கு. அதப் பாருங்க.”

*

மதியச் சாப்பாட்டில் வைரவன் முறையிட்டார்.

“ரெண்டு பேர் பாதியிலேயே போயிட்டாங்க டீச்சர்.”

“பாத்தேன்.”

“ஆர்வமே இல்லாதவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மத்த நாலு பேரைக் கேளுங்க. வரித்தலை வாத்து காட்டினேன். கரண்டிவாயன் காட்டினேன். ஊசிவால் வாத்துல ஆண் எது பெண் எதுன்னு பிரிச்சே காட்டினேன்.”

“நல்லாத்தான் காட்டுனிய.”

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

டீச்சர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“போனவங்ககிட்ட என்ன சொன்னிய?”

“விராலடிப்பான்னு சொன்னேன்.”

“எங்க இருக்குன்னு சொன்னிய?”

“மூணு மணியிலன்னு.”

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வைரவனும் பார்த்தார்.

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“ஐயையோ.”

“மூணு மணிக்கு நீங்க கரையில இருக்கணும் சார்.”

“நான் எதுக்கு டீச்சர்? கொளுத்துற வெயில். அந்நேரம் ஒரு குருவிகூட வெளிய தலைகாட்டாது.”

“நீங்கதான வரச் சொன்னிய.”

“உங்களுக்குக் காலையிலேயே புரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எங்கிட்ட யாரு கேட்டா?”

டீச்சர் அடுத்த முள்ளுக்குப் போனார்.

*

கரையில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே துண்டை விரித்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கருவேல மரம் காலியாக நின்றது. கழுகு காலையிலேயே பறந்துபோயிருந்தது.

வரும் வழியில் வைரவன் இரண்டு விளக்கங்களைத் தயார் செய்திருந்தார். ஒன்றில் பழி காற்றின் மேல். இன்னொன்றில் கழுகின் மேல்.

“வாங்கோ, வாங்கோ!” காளியப்பன் கையைத் தூக்கினார். “சாரு மறந்திருப்பாருன்னு இவ சொன்னாளுங். மணி சொல்லி வரச் சொல்ற மனுசன் மறக்கமாட்டாருன்னு நாஞ் சொன்னேன்.”

“பறவை எங்கீங் மணிக்கு வரப்போகுது?” என்றாள் பாவாத்தாள். “எங்கூரு டவுன் பஸ்ஸே வரமாட்டேங்குது.”

வைரவன் இரண்டு விளக்கங்களையும் கைவிட்டார்.

“தப்பு என்னுதுங்க” என்றார். “மூணு மணின்னா நேரமில்லை. திசை. நேரே பன்னெண்டு. வலது பக்கம் மூணு. காலையில அந்த மரத்துல இருந்துச்சு. இனிமே வராது.”

திட்டு விழும் என்று நின்றார்.

காளியப்பன் மணிக்கட்டை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“நேரே பன்னெண்டுன்னா, யாருக்கு நேரேங்?”

“பாக்கிறவங்களுக்கு.”

“காலைல நான் குளத்தையே பாக்கலீங்களே. பனி எறங்குது, காதுல துண்டக் கட்டுன்னு இவளைத்தான பாத்துட்டிருந்தேன். அப்ப என்ற பன்னெண்டு பாவாத்தாதானுங்.”

“வயசுக்கேத்தாப்பல பேசறது!” பாவாத்தாள் முழங்கையால் இடித்தாள்.

“இருடி, கணக்குக் கேக்கறேன். அவ என்னையப் பாத்துட்டு நின்னா. அப்ப என்ற மூணு அவளுக்கு எத்தனைங்?”

வைரவன் மனத்துக்குள் திரும்பிப் பார்த்தார்.

“ஒம்போது.”

“அப்பறம், நீங்க சொன்னது யாரோட மூணுங்?”

கேள்வியில் குத்தல் இல்லை. செக்கில் ஏதோ சத்தம் வந்தால் எந்தக் கட்டையிலிருந்து என்று கேட்பாரே, அப்படிக் கேட்டார்.

வைரவனுக்குக் காலைக் காட்சி நினைவுக்கு வந்தது. தான் தொலைநோக்கிக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. மற்ற ஆறு பேரும் அப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்பது நினைவுக்கு வரவே இல்லை.

“என்னோட மூணுங்க.”

“அதான பாத்தேன்” என்றார் காளியப்பன். சிக்கல் தீர்ந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. “உக்காருங். வெயில்ல எதுக்கு நிக்கறீங்? முறுக்கு இருக்குது.”

குடை சிறியது. அதற்குள் மூன்று பேர் அடங்க வேண்டுமானால் ஒருவரை ஒருவர் ஒட்டி, ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது.

வைரவன் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாத்துகள் எல்லாம் தூரத்தில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

“ஒண்ணுமே இல்லை. உங்களை வீணா உக்கார வச்சுட்டேன்.”

“வீணாங்களா?” பாவாத்தாள் அதிசயப்பட்டாள். “சோறு தின்ன கையோட வந்து அதையேதான பாத்துட்டிருக்கறம்.”

“எதை?”

“அந்தா, அந்த மண்ணாங்கட்டியத்தான்.”

வைரவன் பைனாகுலரை எடுத்தார். அவள் அதைக் கீழே தாழ்த்தினாள்.

“அதெதுக்குங்? கூப்புடு தூரத்துலதான இருக்குது.”

இருந்தது. தண்ணீர் ஓரத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்றின் நிறத்தில்.

மடையான். எல்லாக் குளத்திலும் இருக்கிற குருட்டுக்கொக்கு. ஊருக்கு ஊர் சாக்கடை ஓரத்திலும் இருப்பது. வைரவன் இதுவரை ஒருவருக்கும் அதைக் காட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. முறுக்கைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

“இப்பப் பாருங்” என்று பாவாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். “அந்த எருமை கிட்ட வருதுங்.”

எருமை தண்ணீருக்குள் கால் வைத்தது.

மண்ணாங்கட்டி எழுந்தது. எழுந்ததும் வெள்ளை. சிறகும் வாலும் பால் வெள்ளை. தண்ணீரின் மேல் தாழப் பறந்து, ஒரு கல்லில் இறங்கி, சிறகை மூடியது. மறுபடியும் மண்.

காளியப்பன் தொடையைத் தட்டினார்.

“இத்தன வெள்ளையையும் எங்கீங் மடிச்சு வெச்சிருக்குது?” என்றாள் பாவாத்தாள்.

வைரவனுக்கு விடை தெரியும். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியும்.

“நான் வர்றதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணுச்சு?” என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். தவளை ஒன்றைக் குறிவைத்துத் தோற்றது. ஒரு கொக்கு வந்து மிரட்டியதும் இடம் மாறியது. அதற்குக் கோபம் வந்தால் கழுத்து எவ்வளவு நீளம் வருகிறது என்பது. நடுவில் காளியப்பன் புகுந்து, தவளை இல்லை, கெண்டைக் குஞ்சு என்றார். இருவரும் அதற்குக் கொஞ்சநேரம் சண்டை போட்டார்கள்.

வைரவன் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில்கூடத் திருத்தவில்லை.

வெயில் இறங்கிவிட்டது. மூன்று பேருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

*

“விராலடிப்பான் வந்துச்சா சார்?” என்று டீச்சர் கேட்டார்.

“வரல.”

“பெறவு இவ்வளவு நேரம் என்னத்தப் பாத்திய?”

“மடையான்.”

“எத்தன மணியில?”

வைரவன் சற்று யோசித்தார்.

“பன்னெண்டு. மூணு பேருக்கும்.”

ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நல்லாங்குளத்துக்கு இருபது பேர் வந்தார்கள். வைரவன் நடத்தினார். டீச்சர் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.