மகுடேசுவர வர்மரின் அம்பு நகரவில்லை

மகுடேசுவர வர்மருக்கு ராஜ்யம் சிறிது, பெருமை பெரிது. அரியணைக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்துத்தான் அவர் ஆட்சி நடத்தினார். வரி விதிப்பதும், சிறையில் போடுவதும், பிறகு மனமிரங்கி வெளியே விடுவதும் எல்லாம் அதில்தான்.

அந்த லேப்டாப்பின் டச்பேடுக்குத்தான் கோளாறு வந்துவிட்டது. சில நேரம் விரல் பட்டதுமே திரையில் அம்பு குடுகுடுவென்று ஓடும். சில நேரம் மன்னர் விரல் தேயத் தேய்த்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று எவருக்கும் பிடிபடவில்லை.

ஒருநாள் அண்டை நாட்டு மன்னரோடு வீடியோவில் பேச்சுவார்த்தை. நட்பு ஒப்பந்தத்தில் 'சம்மதம்' என்ற இடத்தில் அம்பைக் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். மன்னர் தேய்த்தார், தட்டினார், குத்தினார். அம்பு நகரவில்லை.

அண்டை நாட்டார் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். "உங்கள் வம்சம் அம்பு விடுவதில் பெயர் போனது என்பார்களே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மன்னருக்கு மானம் போயிற்று. "அமைச்சரே!" என்று அலறினார்.

அமைச்சர் திருவேங்கடநம்பி ஓடி வந்தார். கணினி இலாகாவும் அவர் கையில்தான் இருந்தது. கணினியில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், அரசவையில் அது அநாகரிகமான கேள்வி. 'கணினிச் சக்கரவர்த்தி' என்று பொறித்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தங்கப் பதக்கம் செய்து மன்னர் கழுத்தில் மாட்டி, இலாகாவை வாங்கிக்கொண்ட ஆள் அவர்.

"டச்பேடை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், அரசே. இயங்குதளத்தையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப் போட்டேன்."

"மவுஸ் ஒன்று மாட்டிக்கொள்ளலாமே" என்றார் தளபதி.

"எலியையா?" மன்னர் துள்ளினார். "யானைக்கொடி பறக்கவிட்ட வம்சம் நான். எலியைப் பிடித்துக்கொண்டு உட்காரவா?"

அமைச்சருக்கு யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டும். "கண்டுபிடித்துவிட்டேன், அரசே! அரண்மனைச் சமையல்காரி ஆவுடையம்மா! அவள் சுடும் அதிரசத்தில் நெய் அதிகம். அந்த நெய்தான் தங்கள் விரலில் ஒட்டி டச்பேடைக் கெடுக்கிறது. இது திட்டமிட்ட சதி!"

"நாடு கடத்துங்கள் அவளை!" என்றார் மன்னர்.

பாவம் ஆவுடையம்மா. கரண்டியும் கையுமாக இழுத்து வந்தார்கள். "நெய் கம்மியா இருக்குன்னு ராசாதானே சாமி திட்டினாரு! புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எந்த நாட்டுக்குப் போவேன்?" என்று அழுதாள். அவள் சுட்டதைத் தின்று கொழுத்த சபையில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசவை விகடன் பூவராகன் மட்டும் முன்னால் வந்தான். "நல்ல தீர்ப்பு, அரசே. ஆனால் சாட்சி இல்லாமல் தண்டித்தால் அண்டை நாட்டார் அதற்கும் சிரிப்பார். தாங்கள் சபையறிய ஓர் அதிரசம் சாப்பிட்டு, அதே விரலால் தேயுங்கள். அம்பு நின்றால் நானே இவளை எல்லையில் விட்டுவிட்டு வருகிறேன்."

அதிரசம் என்றதும் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியாயம்தான். கொண்டு வா."

"ஒரு நிமிடம், அரசே. நெய் சொட்டிப் பதக்கம் பாழாகிவிடக் கூடாது. அதை மட்டும் கழற்றி என்னிடம் கொடுங்கள்."

அமைச்சர் பூரித்துப்போனார். பூவராகனுக்கே தம் பதக்கத்தின்மேல் இவ்வளவு மரியாதையா!

மன்னர் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டார். நெய் வழியும் விரலை டச்பேடில் வைத்தார். அம்பு பறந்தது. மேலே, கீழே, மூலைக்கு மூலை ஓடியது. மன்னர் குழந்தை மாதிரி கைகொட்டினார்.

"இப்போது இதை அணிந்துகொள்ளுங்கள், அரசே" என்று பூவராகன் பதக்கத்தை மாட்டிவிட்டான். "குனிந்து திரையை நன்றாகப் பாருங்கள்."

மன்னர் குனிந்தார். பதக்கம் தொங்கிப்போய், சொற்களுக்கு நடுவே இடம் விடும் ஸ்பேஸ்பாரின்மேல் உட்கார்ந்தது. அம்பு அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தார், ஓடியது. மறுபடி குனிந்தார், நின்றது.

"இது என்ன மாயம், பூவராகா?"

"மாயம் இல்லை, அரசே. விசைகளைத் தட்டும்போது உள்ளங்கை தெரியாமல் பட்டுவிடும் என்று டச்பேட் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஓர் ஏற்பாடு அதில் இருக்கிறது. தாங்கள் தட்டவில்லை, தங்கள் பதக்கம் தட்டுகிறது."

மன்னரின் முகம் மாறியது. "அப்படியானால், என் ஆணைகளின் நடுவே முழம் முழமாக வெற்றிடம் வந்ததே? அது 'மாமன்னரின் மோனம்', கவித்துவம் சொட்டுகிறது என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்களே!"

சபை மறுபடி கூரையைப் பார்த்தது.

"பதக்கம் இடிப்பது உங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?"

"பட்டது, அரசே" என்றார் தளபதி மெதுவாக. "ஆனால் பளபளவென்று இருந்தது."

மன்னர் பதக்கத்தைக் கழற்றி மேசையில் எறிந்தார். ஆவுடையம்மாவிடம், "தப்பு என்னுடையது, தாயே. அடுப்படிக்குப் போ. நெய்யைக் குறைத்துவிடாதே" என்றார். இடுப்பிலிருந்த பொற்கிழியை எடுத்துப் பூவராகனிடம் நீட்டினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த அமைச்சரை என்ன செய்யலாம், நீயே சொல்" என்றார்.

"அணைத்துவிடுங்கள், அரசே."

அமைச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூவராகன் இவ்வளவு நல்லவனா! கண்ணில் நீர் மல்க, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மன்னரின் மார்பை நோக்கி ஓடினார்.

பூவராகன் குறுக்கே வந்து நின்றான். "அந்த அணைப்பு இல்லை, அமைச்சரே. லேப்டாப்பை அணைப்போமே, அது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். வேலை செய்தாலும் செய்வீர்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் லேப்டாப்பே மேசையில் குலுங்கியது. அம்புகூட நகர்ந்தது.